ஆசிரியர் கல்கியும் அவர்தம் வாசகரும்

சரித்திரப் போர்களைக் களமாகக் கொண்டு தமிழில் கதை எழுதியவர் பலர். அவர்களுள் முன்னே நிற்பவர் கல்கி என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். தேசத் தொண்டர், நகைச்சுவை எழுத்தாளர், இசை விமரிசகர், பத்திரிகாசிரியர் என்று அவரைப் பல வகையிலும் பாராட்டிப் பெரியோர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் மீண்டும் அடுக்குவது நம் நோக்கமன்று. வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அக்கொண்டாட்டம் அவருக்கு என்னவாக இருந்தது, அதை அவர் எவ்வாறு ஏற்றார், எங்கே அதற்கு இணங்க மறுத்தார் என்பதை மட்டும் அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறோம்.

கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர், தாயார் தையல்நாயகி. செல்வம் படைத்த குடும்பமன்று. காவிரி பாயும் நாட்டில், கோயிலும் குளமும் கதாகாலட்சேபமும் சூழ வளர்ந்த பிள்ளை. பின்னாளில் சோழநாட்டு ஆடிப்பெருக்கைப் புதினத்தின் வாயிலிலே வைத்து வாசகரை வரவேற்றவருக்கு, அந்தப் புதுவெள்ளம் ஏட்டில் படித்து அறிந்த செய்தியன்று.

திருச்சிராப்பள்ளியில் பள்ளி இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு வந்தது. 1921-இல், தேர்வு நெருங்கிய வேளையில், பள்ளியை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைவாசம். தமிழ்நாட்டின் தலைசிறந்த உரைநடையாளர் ஒருவர் பள்ளி இறுதித் தேர்வுகூட எழுதாதவர் என்பதை எண்ணும்போது, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு உத்தியோகத்தில் புகுந்த நம்போன்றோருக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாகிறது. அந்த மகிழ்ச்சிக்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

சிறையிலிருந்து மீண்டவர் 1923-இல் திரு. வி. கலியாணசுந்தரனாரின் ‘நவசக்தி’யில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். செந்தமிழ் நடையில் வல்ல திரு. வி. க. அவர்களிடம் ஐந்தாண்டுகள் பழகிய பயிற்சி அவருக்கு அடித்தளமாயிற்று. ஆயினும் குருவின் நடையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. திண்ணையில் அமர்ந்து அடுத்த வீட்டாரோடு பேசுவது போன்ற ஒரு நடையைத் தமக்கென அமைத்துக்கொண்டார். பிறகு ராஜாஜியின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் பணி செய்தார். குடிப்பவனைத் திட்டாமல் சிரிக்க வைத்துத் திருத்த முயன்ற எழுத்து அது.

1930-களின் தொடக்கத்தில் எஸ். எஸ். வாசன் அவர்களின் ‘ஆனந்த விகட’னில் ஆசிரியப் பொறுப்பேற்றது முதல்தான் வாசகர் கூட்டம் என்னும் பெருவெள்ளம் அவரை நோக்கித் திரும்பியது. ‘கள்வனின் காதலி’யும் ‘தியாக பூமி’யும் தொடராக வந்தன. ‘தியாக பூமி’ 1939-இல் திரைப்படமாகி, தேசிய உணர்ச்சியைத் தூண்டுகிறதென்று ஆங்கில அரசால் தடை செய்யப்பட்டது. வாரந்தோறும் ஓர் அத்தியாயம், வாரந்தோறும் வாசகரின் காத்திருப்பு என்னும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றிய காலம் அது. ரயில் நிலையத்தில் பத்திரிகைக் கட்டு இறங்கும் நேரத்திற்கு ஆட்கள் வந்து நிற்பார்களாம். வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பார்களாம். படிக்கத் தெரியாத பாட்டிமாருங்கூடக் கதையில் அடுத்து என்ன நேருமென்று வாதாடுவார்களாம். நம்மினும் மூத்த தலைமுறையார் இவற்றைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்நாளில் இலக்கிய உலகின் பாராட்டு அவருக்கு அவ்வளவாகக் கிட்டவில்லை. ‘மணிக்கொடி’யைச் சார்ந்த எழுத்தாளர்கள் அவரைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்றே மதிப்பிட்டனர். அயல்மொழிக் கதைகளைத் தழுவுகிறார் என்று புதுமைப்பித்தன் முதலியோர் கடுமையாகச் சாடினர். 1930-களின் நடுவில் பாரதியார் மகாகவியா அல்லரா என்னும் விவாதம் மூண்டபோது, வ. ரா. முதலியோர் ஒரு பக்கமும் கல்கி எதிர்ப் பக்கமும் நின்றனர். கற்றோர் அவையில் இவ்வளவு வசை கேட்ட ஒருவருக்கு, மூலை முடுக்கிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து குவியும் கார்டுகளும் கவர்களும் என்னவாக இருந்திருக்கும்! மருந்தாக இருந்திருக்கும் என்று எளிதிற் சொல்லிவிடலாம். அவர் அக்கடிதங்களை வைத்துக்கொண்டு செய்த காரியங்களைப் பார்த்தால், அவற்றை அவர் மருந்தாக விழுங்கியவராகத் தோன்றவில்லை. கடனாகக் கணக்கில் எழுதிக்கொண்டவராகவே தோன்றுகிறது.

முதற் காரியம் பாரதி மணிமண்டபம். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இல்லையே என்று கல்கி தம் பத்திரிகையில் எழுதினார். பணம் வந்தது. பெருஞ் செல்வர் கொடுத்தது ஒருபுறமிருக்க, சம்பளக்காரர்களும் மாணவர்களும் தம்மால் இயன்ற சிறு தொகைகளை அனுப்பினார்கள். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டாம் மாதத்தில், அவரே வந்து மண்டபத்தைத் திறந்து வைத்தார். பாரதியாருக்கு மகாகவிப் பட்டம் தரத் தயங்கிய அதே கை, பத்தாண்டுகளுக்குப் பின் அவருக்கு மண்டபம் எழுப்பியது. தம்மீது வாசகர் வைத்த அன்பை வேறொருவருடைய நினைவுக்கு மாற்றிக் கொடுத்த எழுத்தாளர் வேறு யாரும் இருப்பதாக நமக்கு நினைவில்லை. நம் மதிப்பில், அவருடைய எல்லாப் புதினங்களுக்கும் நிகரான செயல் இது.

1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்றாம் முறை சிறை சென்று வந்தவர், விகடனிலிருந்து விலகி, நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். முதல் இதழ் அவ்வாண்டு ஆகஸ்டு 1-இல் வெளிவந்தது. பத்திரிகைக்கு வேண்டிய முதலுக்காகச் சதாசிவத்தின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் பூண்டு நடித்துக் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. புதுப் பத்திரிகையை நிலைநிறுத்த வேண்டிய நெருக்கடியிலேதான் அவர் சரித்திரக் கதையில் கைவைத்தார். ‘பார்த்திபன் கனவு’ 1941 முதல் 1943 வரை வெளிவந்தது. சோழநாட்டின் விடுதலையைக் கனவு கண்டு போர்க்களத்தில் மடியும் பார்த்திபனுடைய கதையை, உலகப் போரும் விடுதலைப் போரும் ஒருங்கே நடந்துகொண்டிருந்த நாளில் தமிழ் மக்கள் படித்தார்கள். அவர்கள் அதில் எதைக் கண்டு மயங்கினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, 1944-இல் ‘சிவகாமியின் சபதம்’ தொடங்கியது. மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி. அவர்களோடு இருந்த ஒரு வேளையில் கருவான கதை அது. ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் மனத்தில் கிடந்து முதிர்ந்தது. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என நான்கு பாகங்கள். கன்னட நாட்டில் வாழும் தமிழராகிய நாம் இக்கதையிடத்தில் சற்று நின்று செல்ல வேண்டும்.

கதையில் பகைவனாக வருபவன் வாதாபிச் சளுக்கிய மன்னன் புலிகேசி. வாதாபி என்பது இன்று கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்திலுள்ள பாதாமி. நர்மதைக் கரையில் ஹர்ஷரின் படையைத் தடுத்து நிறுத்திய மாவீரன் என்று நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் படிப்பதும் அதே புலிகேசியைத்தான். 634-இல் வெட்டப்பட்ட ஐஹொளேக் கல்வெட்டு அவன் புகழை விரித்துரைக்கிறது. நம் பெங்களூரிலேயே பிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்று பெயர். ஒரே மன்னன் அப்பன் படிக்கும் புத்தகத்தில் பகைவனாகவும், பிள்ளை படிக்கும் பாடத்தில் நாயகனாகவும் ஒரு வீட்டுக்குள் உலவுவது நம் காலனிக் குடும்பங்களுக்கே உரிய அனுபவம். 642-ஐ ஒட்டிப் பல்லவப் படை வாதாபியைக் கைப்பற்றியதும், நரசிம்மவர்மனின் கல்வெட்டுப் பாதாமிப் பாறையில் பொறிக்கப்பட்டதும் சரித்திரம். அந்த வெற்றியைத் தமிழ் வாசகர் கைகொட்டி வரவேற்பார்கள் என்பது கல்கிக்குத் தெரியாதா? அவர்களைக் களிப்பூட்டுவது ஒன்றே நோக்கமாயிருந்தால், எரியும் நகரத்தோடும் வெற்றி முரசத்தோடும் கதையை முடித்துத் திருப்தி அடைந்திருக்கலாம்.

அவர் அவ்வாறு முடிக்கவில்லை. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி சிறைப்பட்ட நகரில் இருந்துகொண்டு ஒரு சபதம் செய்கிறாள், அச்சபதத்துக்காக ஆண்டுக்கணக்கில் படை திரட்டப்படுகிறது, நகரம் அழிகிறது, சபதம் நிறைவேறுகிறது. நிறைவேறிய பின் அவளுக்கு என்ன மிஞ்சியது? மாமல்லன் அதற்குள் பாண்டியன் மகளை மணந்து மக்களும் பெற்றிருக்கிறான். சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவராக வரித்துக்கொண்டு கோயிலில் ஆடுகிறாள். படையை நடத்திச் சென்ற பரஞ்சோதி வாளைத் துறந்து சிறுத்தொண்டராகிறார். பெரியபுராணம் அவரை நமக்கு அவ்வாறே காட்டுகிறது. பகைவர் நாட்டைப் பழிக்க எண்ணிய எழுத்தும் இதுவன்று. அஜந்தாக் குகைகளின் ஓவியத்தைக் கல்கி எவ்வளவு பக்தியோடு எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தவர் அறிவர். கடைசிப் பாகத்துக்கு ‘சிதைந்த கனவு’ என்று பெயர் வைத்திருப்பதே அவர் மனத்தைக் காட்டுகிறது. மூன்று முறை சிறை சென்ற காந்தியின் தொண்டர் போர்க் கதை எழுதினால் அது இவ்வாறுதான் முடியும் போலும். காதலர் கூடவேண்டும் என்று ஏங்கிய வாசகருக்கு அவர் இணங்கவில்லை. அவர்களும் அவரை விட்டு விலகவில்லை.

இங்கே ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். நம் தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலின் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு; தொம்பலூர் என்று நம் ஊர்ப் பெயர் அவற்றில் வருகிறது. அக்கோயிலுக்குச் செல்லும் தமிழர் சிலர் கல்லின்மீது கைவைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்வதை நாம் பார்த்திருக்கிறோம். கல்வெட்டு என்பது ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று, அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்னும் ஆவல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நாம் கேட்டுப் பார்த்த அளவில், அவர்களுட் பெரும்பாலோர் கல்கியின் வாசகர்கள்.

‘பொன்னியின் செல்வன்’ 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் தொடங்கி 1954-ஆம் ஆண்டு மே 16-இல் முடிந்தது. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட வாரங்கள், ஐந்து பாகங்கள். நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் சோழர் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய நூல்களையும், செப்பேடு, கல்வெட்டுச் செய்திகளையும் ஆதாரமாகக் கொண்டார். ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கைக்கும் சென்று பார்த்து வந்தார். மணியத்தின் சித்திரங்களுக்காகவே இதழைக் கத்தரித்துச் சேர்த்துத் தைத்து வைத்த குடும்பங்கள் பல. பத்திரிகையின் விற்பனை எழுபதினாயிரம் பிரதிகளுக்கு மேல் ஏறியதாகக் கணக்குச் சொல்வார்கள். ஒரு பிரதியை ஒரு தெருவே படித்த காலத்தில், படித்தவர் தொகையை யார் எண்ணுவது? வாசகர் பாராட்டு கடிதத்தோடு நிற்கவில்லை. பிறந்த பெண் குழந்தைக்கு வானதி, பூங்குழலி, குந்தவை, ஆணுக்கு அருள்மொழி. நம் காலனியிலும் வானதிகள் உண்டு. ஓர் எழுத்தாளருக்கு இதனினும் மேலான பட்டயம் எந்தச் சங்கத்தால் வழங்க இயலும்?

ஆனால் அந்தப் புகழ்ச்சியின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர் என்பது அடுப்பில் ஏற்றிய உலை போன்றது. இடையில் இறக்கி வைக்க முடியாது. உடல் நலமாயினும் இல்லாவிடினும் அத்தியாயம் அச்சுக்கூடத்துக்குப் போயாக வேண்டும். அதனோடு தலையங்கமும் இசை விமரிசனமும் பயணக் கட்டுரையும் எழுதியாக வேண்டும். காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. வாசகர் காத்திருக்கிறார்கள் என்னும் எண்ணம் அவரை எழுத வைத்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவ்வெண்ணமே அவரை ஓய்வெடுக்க விடாமலும் செய்திருக்கலாம் என்பதை நினைக்க நமக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. கதை முடிந்து ஏழு மாதங்கூட ஆகவில்லை, அவர் மறைந்தார்.

கதை முடிந்தவுடன் நேயர்களிடமிருந்து வந்தவை பாராட்டுக் கடிதங்கள் மட்டுமல்ல. குறை கூறும் கடிதங்களும் வந்தன. திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னாருக்கு என்ன நேர்ந்தது, இன்னாருக்குத் திருமணம் ஆயிற்றா என்று கேட்டார்கள். கல்கி அவற்றை அலட்சியம் செய்யவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதி விடை சொன்னார். முழுக் கற்பனைக் கதையில் எல்லா முடிச்சையும் அவிழ்த்து மங்களம் பாடிவிடலாம். சரித்திரக் கதையில் ஒரு நிகழ்ச்சியின் முடிவு இன்னொன்றின் தொடக்கமாயிருக்கும் என்பது அவர் விளக்கத்தின் சாரம். பிற்காலத்துச் சம்பவங்களைப் பிற எழுத்தாளர்கள் எழுதலாம் என்று வழியும் திறந்து விட்டார். அவ்வழியே பலர் நடந்தனர். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அவற்றுள் ஒன்று.

விடை சொன்னாரே தவிர, முடிவை மாற்றவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் கை என்பதை அவர் ஐயத்திலேயே விட்டுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரின் பெயரைச் சொல்கிறது. கதையோ பலர்மீதும் நிழலைப் படரவிடுகிறது. இன்றும் நம் சங்கத்து வாசகசாலையில் இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை. நந்தினி கட்சி ஒன்று, பெரிய பழுவேட்டரையர் கட்சி ஒன்று. மேலும், சோழர் பெருமையைக் கேட்க வந்தவர்களுக்கு அவர் ஐந்தாம் பாகத்தில் காட்டிய உச்சி எது? ராஜராஜன் வென்ற போரன்று. கைக்கு வந்த மகுடத்தை அருள்மொழி சிறிய தந்தை முறையான மதுராந்தகன் தலையில் சூட்டிய காட்சி. அப்பாகத்திற்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர்.

இவ்வளவு பாராட்டும் அவர் உள்ளத்தில் எந்த நூலின்மீது சேர வேண்டுமென்று விரும்பினார்? இது பலருக்கு வியப்பாக இருக்கும். தம் எழுத்தில் ஏதேனும் ஒன்று நிலைத்து நிற்குமானால் அது ‘அலை ஓசை’யாக இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. 1948–49-இல் வெளிவந்த அந்நூலில் மன்னரும் இல்லை, மகுடமும் இல்லை. பீகார் பூகம்பம் முதல் காந்தியடிகளின் மறைவு வரை, தாம் வாழ்ந்த காலத்தையே, பிரிவினைக் கலவரத்தின் குருதியோடு எழுதியிருக்கிறார். மக்கள் அதைப் படித்தார்கள்; மதித்தார்கள்; ஆயினும் அவர்கள் நெஞ்சு வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடியது. தாய் ஒரு பிள்ளையைச் சுட்ட, ஊர் வேறொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன கதை. இதற்காக அவர் வாசகரிடம் முகங்கோணவில்லை. ‘அலை ஓசை’யை எழுதி முடித்த அடுத்த ஆண்டே அவர்கள் விரும்பிய சரித்திரத்தைப் பேரளவில் எழுத உட்கார்ந்தார்.

1954 டிசம்பர் 5-ஆம் நாள் சென்னையில் கல்கி காலமானார். வயது ஐம்பத்தைந்து. ‘அலை ஓசை’க்குச் சாகித்ய அகாதெமிப் பரிசு 1956-இல் அறிவிக்கப்பட்டது. நூற்றாண்டு ஆண்டாகிய 1999-இல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. ‘பொன்னியின் செல்வன்’ அவர் பத்திரிகையிலேயே மீண்டும் மீண்டும் தொடராக வந்தது. 2022-லும் 2023-லும் மணிரத்னம் அவர்களின் திரைப்படமாக இரு பாகங்களில் வந்தபோது, தமிழ் எழுத்தறியாத நம் பிள்ளைகள் சிலர் கதையை முழுதும் அறிய வேண்டித் தாத்தாவை நாடினார்கள். சங்கத்து வாசகசாலையில் ஐந்து பாகங்களையும் அவ்வாண்டுகளில் புதிதாக அட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அவர் மறைந்தபோது ‘அமர தாரா’ என்னும் தொடர் பாதியில் நின்றது. தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி, காத்திருந்த வாசகர்களுக்கு முடித்துக் கொடுத்தார்.